துப்பாக்கியின் பின்னுதைப்பு: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பற்றி வகுப்பெடுப்பது என் வேலை. பாடம் வண்டியின் ஷாக் அப்சார்பரில்தான் தொடங்கும். அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் கையைத் தூக்கி, "துப்பாக்கியிலும் இதே மாதிரி இருக்காமே?" என்று கேட்டுவிடுவார். அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. அப்படி வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு குறிப்பு: இந்தப் பக்கத்தில் 'குண்டு' என்றால் பறந்து போகும் உலோகத் துண்டு மட்டும். 'தோட்டா' என்றால் குண்டும் வெடிமருந்தும் உறையும் சேர்ந்த முழு உருப்படி.

பின்னுதைப்பு என்றால் என்ன? ரீகாயில் என்பதும் அதுவும் ஒன்றுதானா?

ஒன்றுதான். குண்டு முன்னால் போகும்போது துப்பாக்கி பின்னால் வருகிறது. பள்ளிப் பாடத்தில் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு வழக்கமாகச் சொல்லும் உதாரணம் இது. ஆனால் அந்த உதாரணத்தில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். குழலிலிருந்து வெளியேறுவது குண்டு மட்டுமல்ல, எரிந்த மருந்தின் வாயுவும்தான். வாயுவின் எடை குறைவு, வேகமோ குண்டைவிட அதிகம். அதனால் உதைப்பில் அதற்கும் கணிசமான பங்கு உண்டு. பின்னால் மசில் பிரேக் (குழலின் வாயில் பொருத்தும் துளையிட்ட துண்டு) பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

எவ்வளவு பலமாக உதைக்கும்? ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன்.

10 கிராம் குண்டு, நொடிக்கு 800 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம் 8 அலகு. 3 கிராம் மருந்தின் வாயு நொடிக்குச் சுமார் 1,300 மீட்டரில் சீறினால் இன்னும் 4 அலகு. மொத்தம் 12. துப்பாக்கி 4 கிலோ என்றால் அது நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். அதன் இயக்க ஆற்றல் 18 ஜூல். முன்னால் போகும் குண்டின் ஆற்றலோ 3,200 ஜூல்.

உந்தம் இரு பக்கமும் சமம், ஆற்றல் சமமில்லை. லேசான பொருள் வேகமாகப் போவதால் ஆற்றலில் பெரும்பங்கு அதற்குப் போய்விடுகிறது. பிடித்திருப்பவர் பிழைத்துக்கொள்வது இந்த ஏற்றத்தாழ்வால்தான். இந்த 4 கிலோ, 12 அலகு, 18 ஜூல் ஆகிய மூன்று எண்களையும் நினைவில் வையுங்கள், கீழே அடிக்கடி வரும்.

வெறும் 18 ஜூலுக்கா தோள் கன்றிப் போகிறது?

18 ஜூல் என்பது 4 கிலோ கல்லை 46 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தோளில் போடுவதற்குச் சமம். கல் என்றதும் 'வெறும்' என்ற சொல் போய்விடுகிறது, இல்லையா?

வலியைத் தீர்மானிப்பது அந்த ஆற்றல் எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்படுகிறது என்பதுதான். 3 மீட்டர் வேகத்தில் வரும் துப்பாக்கியை ஒரு சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் சராசரி விசை 1,800 நியூட்டன், அதாவது சுமார் 180 கிலோ எடை அழுத்துவது போல. அதையே மூன்று சென்டிமீட்டரில் நிறுத்தினால் 600 நியூட்டன். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வதும் இதற்குத்தான். துப்பாக்கியின் பின்முனைக் கட்டையைத் தோளில் அழுத்திப் பிடித்தால் உடம்பும் சேர்ந்து பின்னால் நகர்கிறது, நிறுத்தும் தூரம் கூடுகிறது. தோளுக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சுடுபவர் முதல் வெடியிலேயே பாடம் படித்துவிடுவார்.

சினிமாவில் குண்டு பட்டவர் பத்தடி தள்ளிப் போய் விழுகிறாரே?

கயிறு கட்டி இழுக்கிறார்கள். மேலே சொன்ன குண்டின் 8 அலகு உந்தம் 70 கிலோ மனிதர்மேல் முழுதாக இறங்கினாலும் அவருக்கு நொடிக்குச் சுமார் 11 சென்டிமீட்டர் வேகம்தான் கிடைக்கும். சுட்டவருக்கோ 12 அலகு. பறப்பதென்றால் அவர்தான் முதலில் பறக்க வேண்டும்.

பின்னால் வருவது சரி, குழலின் வாய் ஏன் மேலே தூக்குகிறது?

குழல் இருப்பது மேலே, தோளோ கையோ தாங்கும் இடம் கீழே. உதைப்பு மேல்கோட்டில் வருகிறது, தடுப்பு கீழ்க்கோட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள உயரம் நெம்புகோலாக வேலை செய்து வாயைத் தூக்குகிறது. பழைய மரக்கட்டைத் துப்பாக்கிகளில் கட்டை கீழ்நோக்கி வளைந்திருக்கும், அதனால் தூக்கலும் அதிகம். பிற்காலத்தில் கட்டையைக் குழலின் நேர்கோட்டிலேயே வைத்தார்கள். உதைப்பு அப்படியேதான் இருந்தது, சுழற்சி மட்டும் குறைந்தது. அதற்கு ஈடாகக் குறிபார்க்கும் கருவியை உயரத்தில் பொருத்த வேண்டியதாயிற்று.

கனமான துப்பாக்கி வைத்துக்கொண்டால் போதாதா?

போதும், தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம் என்றால். எடையை 8 கிலோவாக்கினால் வேகம் பாதியாகி 1.5 மீட்டர் ஆகும், ஆற்றலும் பாதியாகி 9 ஜூல் ஆகும். உந்தம் அதே 12 அலகுதான். இதைவிட எளிய வழி கிடையாது. பழுதாக இதில் ஒன்றுமே இல்லை.

கட்டைக்குள் பாதரசக் குழாய் வைப்பதைப் பற்றியும் கேட்பார்கள். உள்ளே பாதரசம் அலைந்து உதைப்பைக் கொஞ்சம் நீட்டிவிடும் என்பது விளம்பரம். கிடைக்கும் பலனில் பெரும்பகுதி அந்தக் குழாயின் எடையால் வருவது என்பது என் கருத்து. அதே எடைக்கு ஈயத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மீதிப் பலன் எவ்வளவு என்று தெரியும்.

கட்டையின் முனையில் ரப்பர் பட்டையும் ஸ்பிரிங்கும் இருக்கும்போது எண்ணெய் டாம்பர் எதற்கு?

ஸ்பிரிங் ஒரு கடன்காரர், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். 18 ஜூலை உள்ளே வாங்கிக்கொண்டு அடுத்த கணமே துப்பாக்கியை முன்னால் தள்ளும். இன்னொரு சிக்கல், ஸ்பிரிங்கின் விசை தொடக்கத்தில் குறைவு, அழுந்த அழுந்த அதிகம். கிடைத்த தூரத்தின் முதல் பாதி பெரும்பாலும் வீணாகி, கடைசியில் மொத்தமும் வந்து இடிக்கும். ரப்பர் கொஞ்சம் ஆற்றலைச் சூடாக்கி விழுங்கும். ஆனால் அதன் தடிமன் அளவுக்குத்தான் தூரம் கிடைக்கும்.

எண்ணெய் டாம்பரில் ஒரு பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளை வழியாகப் பிழிகிறது. ஆற்றல் சூடாகிப் போய்விடும், திரும்பி வராது. துளை வழியாகப் பாயும் எண்ணெயின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதனால் துளையின் அளவு மாறாமல் இருந்தால் ஸ்பிரிங்குக்கு நேர்மாறான கதை: தொடக்கத்தில் ஒரேயடியாகத் தடுத்து, வேகம் குறைந்த பிறகு சும்மா இருக்கும். இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. துளைக்குள் ஒரு கூம்புக் கம்பியை விட்டு, பிஸ்டன் நகர நகரத் துளை சுருங்கும்படி செய்கிறார்கள். வேகம் குறைவதும் துளை சுருங்குவதும் ஒன்றையொன்று ஈடுகட்டி, முதலிலிருந்து கடைசிவரை விசை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். கிடைத்த தூரத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வீணாகாது. குறிப்பிட்ட தூரத்தில் ஒன்றை நிறுத்த வேண்டுமானால் உச்ச விசை மிகக் குறைவாக இருப்பது இந்த முறையில்தான்.

டாம்பர் நிறுத்துமே தவிரப் பழைய இடத்துக்குக் கொண்டுவராது. அதற்கு ஒரு ஸ்பிரிங்கோ அழுத்திய வாயுவோ கூடவே வேண்டும். ஆக இரண்டும் போட்டியாளர்கள் இல்லை, கூட்டாளிகள்.

இதை முதலில் யார் செய்து காட்டினார்கள்?

கைத்துப்பாக்கியில் அல்ல, பீரங்கியில். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சுட்டவுடன் பீரங்கி வண்டியோடு பின்னால் உருளும். ஆட்கள் அதைத் தள்ளிக்கொண்டு வந்து மறுபடி குறி வைக்க வேண்டும். குழலை மட்டும் நீண்ட தூரம் பின்னால் ஓடவிட்டு வண்டியை அசையாமல் வைக்கலாம் என்ற யோசனையை ஜெர்மானியப் பொறியாளர் கொன்ராட் ஹவுஸ்னர் முன்வைத்தார். அவர் நாட்டில் அது உடனடியாக எடுபடவில்லை. அதைப் படையில் சேர்க்கும் அளவுக்குச் செம்மைப்படுத்தியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1897-ஆம் ஆண்டின் 75 மில்லிமீட்டர் பீரங்கியில் எண்ணெயும் அழுத்திய காற்றும் சேர்ந்த அமைப்பு இருந்தது. குழல் ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் ஓடி, காற்றின் அழுத்தத்தால் தானே பழைய இடத்துக்கு வந்து நிற்கும்.

விளைவு, நிமிடத்துக்கு 15 முறை சுட முடிந்தது. சக்கரத்தின்மேல் வைத்த தண்ணீர்க் குவளை சுட்ட பிறகும் சிந்தாது என்று பெருமையாகச் சொல்வார்கள். மறுபடி குறி வைக்கும் வேலை போனதுதான் பெரிய மாற்றம். அடுத்த இருபது வருடங்களில் மற்ற நாடுகளும் இதே வழிக்கு வந்துவிட்டன.

'அட்ஜஸ்டபிள்' என்கிறார்களே, உண்மையில் எதை மாற்றுகிறார்கள்?

நான்கைந்து வெவ்வேறு விஷயங்களை இந்த ஒரே சொல்லால் அழைக்கிறார்கள், குழப்பமே அங்கேதான். எனக்குப் பிடித்தது பழைய உதாரணம். அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் 1900-இல் காப்புரிமை பெற்ற ஆட்டோ-5 என்ற ஷாட்கன்னில் குழலும், அதன் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டும் சேர்ந்தே பின்னால் ஓடும். அந்த ஓட்டத்தைத் தடுக்க ஒரு ஸ்பிரிங், ஒரு வெண்கல உராய்வுத் துண்டு, சரிவு வெட்டிய ஓர் எஃகு வளையம். கனமான தோட்டா என்றால் வளையம் உராய்வுத் துண்டை இறுக்கும்படி வைக்க வேண்டும். லேசான தோட்டா என்றால் வளையத்தை இடம் மாற்றி அந்தப் பிடியைத் தளர்த்த வேண்டும். மாற்ற மறந்தால்? கனமான தோட்டாவில் குழல் வேகமாக வந்து இடித்து முன்கட்டை பிளக்கும். எதிர்ப்பக்கம் தவறினால் காலி உறை வெளியே வராது. மின்னணு கிடையாது, திருகுகூடக் கிடையாது, வளையத்தின் இடம்தான் அட்ஜஸ்ட்மென்ட்.

எரிந்த மருந்தின் வாயுவில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு இயங்கும் ரைஃபிளில் மாற்றுவது அந்த வாயுவின் அளவை. சோவியத் எஸ்விடி-40-இல் ஐந்து நிலைகள் இருந்தன. பிரிட்டிஷ் பிரென் இயந்திரத் துப்பாக்கியில் நான்கு. பெல்ஜியத்தின் எஃப்என் ஃபால் ரைஃபிளில் வேண்டாத வாயுவை வெளியே விடும் வளையம். அழுக்கு சேர்ந்தாலும் குளிர் கூடினாலும் இயங்க வேண்டும் என்பதுதான் இவற்றின் முதல் நோக்கம், சுடுபவரின் சொகுசு அதற்கு அப்புறம். வேறு சிலவற்றில் போல்ட்டுக்குப் பின்னால் அதோடு சேர்ந்து ஓடும் பஃபர் என்ற துண்டின் எடையை மாற்றுகிறார்கள். ஏஆர் வகை ரைஃபிள்களில் சுமார் 85 கிராமிலிருந்து 155 கிராம்வரை பஃபர்கள் உண்டு. அவற்றுக்குள் நகரும் சிறு எடைகள் போல்ட் முன்னால் வந்து மோதித் துள்ளாமலும் பார்த்துக்கொள்ளும்.

எண்ணெய் டாம்பர் உள்ள கட்டைகளில் திருகைத் திருப்பினால் துளையின் அளவு மாறும். எண்ணெய் டாம்பர் பற்றிய பதிலில் சொன்ன அதே துளைதான். பெரிய பீரங்கிகளில் குழலை உயர்த்த உயர்த்தப் பின்னோட்டத்தின் நீளத்தையே குறைக்கும் ஏற்பாடும் உண்டு, இல்லாவிட்டால் பின்பக்கம் தரையில் போய் இடிக்கும். தூரம் குறைந்தால் விசை கூடும் என்பதை மூன்றாவது கேள்வியிலேயே பார்த்தோம். உயர்ந்த கோணத்தில் அந்த விசையின் பெரும்பகுதி தரையை நோக்கி இறங்குவதால் வண்டி கவிழாமல் தாங்கும்.

கைத்துப்பாக்கியில் கடினமான ஸ்பிரிங் போட்டால் உதைப்பு குறையுமாமே?

குறையாது, நேரம்தான் மாறும். கடினமான ஸ்பிரிங், சுட்டவுடன் பின்னால் ஓடும் மேல்பகுதியின் (ஸ்லைடு) ஓட்டத்தை மெதுவாக்கும், கடைசி இடி மென்மையாகும். ஆனால் திரும்பும்போது அதே பலத்தோடு முன்னால் போய் மோதும், வாய் கீழே குத்தும். இன்னும் கடினமாக்கினால் மேல்பகுதி முழுதாகப் பின்னால் வராமல் அடுத்த தோட்டாவை எடுக்கத் தவறும். மிக மென்மையாக்கினால் சட்டகம் அடிவாங்கி விரிசல் விடும். தோட்டாவுக்கு ஏற்ற ஸ்பிரிங் என்று ஒன்று உண்டு. அதைப் பொருத்துவது பயிற்சி பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரின் வேலை, வீட்டு மேசையில் செய்வதல்ல.

மசில் பிரேக் எப்படி வேலை செய்கிறது? வாயில் நாலு ஓட்டை போட்டால் உதைப்பு எப்படிக் குறையும்?

இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் உந்தத்தையே உண்மையில் குறைப்பது இதுவும், கீழே வரும் பின்னுதைப்பில்லாப் பீரங்கியும்தான். குண்டின் 8 அலகை ஒன்றும் செய்ய முடியாது. வாயுவின் 4 அலகுதான் இலக்கு. முன்னால் சீற வேண்டிய வாயுவைப் பக்கவாட்டில் திருப்பினால் அந்தப் பங்கு குறையும். பின்பக்கமாகத் திருப்பினால் துப்பாக்கியை முன்னால் இழுக்கவும் செய்யும். மருந்து அதிகமுள்ள தோட்டாவில் பலன் அதிகம், மருந்து குறைவான கைத்துப்பாக்கித் தோட்டாவில் பெயருக்குத்தான்.

இதற்கு விலை கொடுப்பவர் பக்கத்தில் நிற்பவர். வெடிச்சத்தமும் வாயு அலையும் அவர் பக்கம் திரும்பும், தரையிலிருந்து புழுதி கிளம்பும். வரிசையில் படுத்துச் சுடும் இடங்களில் மசில் பிரேக்காரருக்கு அடுத்த இடத்தை யாரும் விரும்ப மாட்டார்கள். 12.7 மில்லிமீட்டர் பாரெட் எம்82 ரைஃபிளில் அம்புமுனை வடிவப் பிரேக், பின்னால் ஓடும் குழல், 13 கிலோவை ஒட்டிய எடை, தோளில் படும் பட்டை என்று மேலே சொன்ன வழிகளில் பல ஒன்றாக இருக்கின்றன. ஒரு வழி போதாது என்பதால்தான்.

ஏர் ரைஃபிளில் வெடிமருந்தே இல்லை. அதற்கு எதற்குத் தணிப்பு?

ஸ்பிரிங் பிஸ்டன் வகையை ஒருமுறை சுட்டுப் பார்த்தவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் முனையில் போய் நிற்கும்போது துப்பாக்கி முன்னால் குதிக்கும். இரண்டு திசையிலும் உதை. பெரிய ரைஃபிளின் உதையைத் தாங்கும் தொலைநோக்கி இதில் உடைந்துபோவதுண்டு, ஏனென்றால் அது ஒரு திசை உதைக்கு மட்டுமே செய்யப்பட்டது.

இதற்கு ஜெர்மனியில் இரண்டு தீர்வுகள் வந்தன. டயானா நிறுவனத்தின் கிஸ் அமைப்பில் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிர்த் திசையில் ஓடி ஒன்றையொன்று ஈடுகட்டும். ஃபைன்வெர்க்பாவ் 300 ரைஃபிளில் இயந்திரப் பகுதி தண்டவாளம் போன்ற தடத்தில் நழுவும், கட்டை அசையாது. இன்றைய 10 மீட்டர் போட்டித் துப்பாக்கிகள் அழுத்திய காற்றில் இயங்குபவை. அவற்றில் அரை கிராம் பெல்லெட் தரும் உந்தம் 0.1 அலகுகூட இல்லை. அந்தத் துளியையும் விடாமல் உள்ளே ஒரு எதிர் எடையை ஓடவிடுகிறார்கள்!

தொடர்ந்து சுடும்போது தணிப்பு எப்படி? ஒவ்வொரு வெடிக்கும் தனித்தனியாகவா?

இங்கே ஒரு கறாரான வரம்பு இருக்கிறது. 5.56 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றுக்கு வாயுவையும் சேர்த்துச் சுமார் 6 அலகு உந்தம். நொடிக்கு 10 தோட்டா என்றால் சராசரி விசை 60 நியூட்டன். எந்த ஸ்பிரிங்கும் எந்த எண்ணெயும் இந்தச் சராசரியைத் தொட முடியாது. முடிவது, சராசரிக்கு மேலே எழும் முட்டுகளைத் தட்டையாக்குவது.

சிங்கப்பூரில் தயாரான அல்டிமாக்ஸ் 100 இயந்திரத் துப்பாக்கியில் வடிவமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவன் செய்தது அதைத்தான். போல்ட் பின்னால் வரும் தூரத்தை நீளமாக்கி, பின்சுவரில் இடிக்கும் முன்பே ஸ்பிரிங் அதை நிறுத்தித் திருப்பிவிடும்படி அமைத்தார். குத்துக் குத்தாக வராமல் ஒரே சீரான தள்ளலாக வரும். ரஷ்யாவின் ஏஎன்-94 வேறு வழியில் போனது. முதல் இரண்டு தோட்டாக்களை நிமிடத்துக்கு 1,800 என்ற வேகத்தில் சுட்டுவிட்டு, உள்ளே ஓடும் குழலும் இயந்திரமும் கடைசியில் இடிக்கும். உதை தோளுக்கு வரும்போது இரண்டு குண்டும் ஏற்கெனவே போய்விட்டன. இது உதையைக் குறைப்பதில்லை, ஒத்திப்போடுகிறது. யோசனை அபாரம், இயந்திரம் சிக்கலோ சிக்கல்.

உதைப்பை உறிஞ்சிவிட்டால் குண்டின் வேகம் குறையாதா?

குறையும், ஆனால் அளக்கப் பாடுபட வேண்டும். குண்டு குழலுக்குள் இருப்பது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி. அந்த நேரத்துக்குள் நம் 4 கிலோ துப்பாக்கி பின்னால் நகர்வது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் வேகத்தில் வரும் வித்தியாசம் 800-இல் ஒன்றோ இரண்டோ மீட்டர்.

குறி விஷயத்தில் அந்த 2 மில்லிமீட்டர் அவ்வளவு அற்பமில்லை. குண்டு வெளியேறும் முன்பே வாய் நகரத் தொடங்கிவிடுகிறது. ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு திரும்பினாலும் 100 மீட்டர் தள்ளிப் பத்து சென்டிமீட்டர் பிசகும். ஆகவே தணிப்பு அமைப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நகர வேண்டும். குறைவாக நகர்ந்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக நகர்வதைவிட, அதிகமாக நகர்ந்தாலும் ஒரே மாதிரி நகர்வது மேல்.

பின்னுதைப்பே இல்லாத ஆயுதம் உண்டா?

உண்டு. முதல் உலகப்போர்க் காலத்து டேவிஸ் பீரங்கி முன்னால் குண்டையும் பின்னால் அதே எடையுள்ள ஈயத்தையும் கிரீஸையும் ஒரே நேரத்தில் எறிந்தது. கணக்கு சரியாகப் பூஜ்யம். சுவீடனின் 84 மில்லிமீட்டர் கார்ல் குஸ்தாஃப் எடைக்குப் பதிலாக வாயுவையே பின்னால் பீறிட விடுகிறது. பின்னால் யாரும் நிற்கக்கூடாது, சுவரும் இருக்கக்கூடாது. மருந்தின் பெரும்பகுதி பின்னால் வீணாகிறது என்பதும் உண்மை.

குளிர்காலத்தில் எண்ணெய் கெட்டியாகிவிட்டால் டாம்பர் என்ன ஆகும்?

நல்ல கேள்வி, இதை ஒரே ஒருவர்தான் கேட்டார். நீண்ட குறுகலான வழியில் எண்ணெயை ஓடவிட்டால் அதன் பிசுபிசுப்புதான் எதிர்ப்பைத் தீர்மானிக்கும், குளிரில் டாம்பர் கல்லாகிவிடும். ஆனால் கூர்மையான விளிம்புள்ள மெல்லிய துளை என்றால் எதிர்ப்பு பெரும்பாலும் எண்ணெயின் அடர்த்தியைப் பொறுத்தது. அடர்த்தி குளிரில் அவ்வளவாக மாறாது. அதனால்தான் வடிவமைப்பாளர்கள் அப்படிப்பட்ட துளையை விரும்புகிறார்கள். அழுத்திய வாயுவின் கதை வேறு. குளிரில் அதன் அழுத்தம் குறையும், குழல் பழைய இடத்துக்குத் திரும்புவது மந்தமாகும்.

சரியாக அமைந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தோளைக் கேட்காதீர்கள். சத்தம் அதிகமான துப்பாக்கி அதிகம் உதைத்ததாகவே தோன்றும், காது மூடியைப் போட்டவுடன் அதே துப்பாக்கி சாதுவாகிவிடும். நகரும் பகுதி எதுவரை வந்தது என்பதைப் பாருங்கள். கம்பியில் மெல்லிய கிரீஸ் பூச்சு இருந்தால் பிஸ்டன் வந்து நின்ற இடம் அதில் கோடாகத் தெரியும். கோடு கடைசி எல்லைக்குச் சற்று முன்னால் இருந்தால் சரி. எல்லையிலேயே இருந்தால் இடித்திருக்கிறது. பாதியிலேயே நின்றிருந்தால் தூரத்தை வீணாக்கியிருக்கிறோம், துளையைக் கொஞ்சம் திறக்கலாம். வண்டியின் ஷாக் அப்சார்பருக்கும் நான் இதையேதான் செய்கிறேன்.